மறந்துபோன கடவுச்சொல்லை அவர்கள் ஏன் சொல்வதில்லை?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மின் கட்டணம், ரயில் டிக்கெட் என்று கைப்பேசியில் எது சிக்கிக்கொண்டாலும் என்னைக் கூப்பிடுவார். போன மாதம் ஒரு தளத்தில் அவர் வைத்திருந்த கடவுச்சொல் மறந்துவிட்டது. ‘மறந்துவிட்டதா?’ என்ற இடத்தை அழுத்தினோம். புதிய கடவுச்சொல் வைக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் தம்பி, நான் கொடுத்த சொல் அவர்களிடம்தானே இருக்கிறது? அதை எடுத்துச் சொன்னால் வேலை முடிந்தது. எதற்காக இந்த வயதில் என்னைப் புதிதாக ஒன்றை யோசிக்க வைக்கிறார்கள்?”

“அவர்களிடம் இல்லை ஐயா” என்றேன். அவர் நம்பவில்லை. இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டு, நாம் தட்டச்சு செய்தது சரியா தவறா என்று எப்படிச் சொல்வார்கள்? இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் கணினி வரலாற்றின் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்பது என் எண்ணம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்தில் கடவுச்சொற்களை அப்படியேதான் எழுதி வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். எல்லாம் ஒரே கோப்பில். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வாளருக்குத் தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லித் துளை அட்டையில் ஒரு வேண்டுகோள் போட்டார். அச்சாகி வந்துவிட்டது. மற்றவர்களின் கடவுச்சொல்லைப் போட்டு அவர்களின் நேரத்தில் தம் வேலையைச் செய்தார். அதே 1960களில் இன்னொரு நாள், ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும் மற்றொரு நிர்வாகி அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்திக்கொண்டிருந்தபோது, மென்பொருள் பிழையால் இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும், அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன.

பூட்டி வைத்த பட்டியல் என்றைக்காவது வெளியே வந்தே தீரும். அப்படியானால் வெளியே வந்தாலும் பயன்படாத பட்டியலாக அது இருக்க வேண்டும். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஜர் நீதம் 1960களிலேயே இதற்கு வழி கண்டார். சொல்லை வைத்துக்கொள்ளாதே, அரைத்து வைத்துக்கொள்.

இட்லிக்கு அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. கடவுச்சொல்லையும் அதுபோல ஒரு கணக்கில் போட்டு அரைக்கிறார்கள். முன்னால் போவது எளிது, பின்னால் திரும்ப வழி இல்லை. ஒரு சிறு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 2718 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 73,87,524. எட்டு இலக்கமாக்க முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 07387524. இரண்டு ஓரங்களிலும் இரண்டிரண்டு இலக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருக்கும் 3875ஐ மட்டும் வைத்துக்கொள்கிறோம். இப்போது 3875ஐ மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எந்த எண்ணிலிருந்து வந்தது என்று கேளுங்கள். வெட்டி எறிந்த இலக்கங்கள் அவரிடம் இல்லை. 0000 முதல் 9999 வரை ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு நேர்வழி இல்லை.

தளங்களும் இதைத்தான் செய்கின்றன, இதைவிடப் பல மடங்கு வலுவான கணக்குகளைக் கொண்டு. அரைத்து வரும் விளைவுக்கு ஹாஷ் என்று பெயர். நாம் கணக்குத் தொடங்கும்போது சொல்லை அரைத்து, ஹாஷை மட்டும் எழுதிக்கொண்டு, சொல்லை மறந்துவிட வேண்டும். அடுத்த முறை நாம் தட்டச்சு செய்வதையும் அதே கணக்கில் அரைத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஹாஷும் ஒன்றாக இருந்தால் நாம்தான். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும் என்பதால், ‘கிட்டத்தட்டச் சரி’ என்பதற்கே இடமில்லை. ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு விடை இதுதான். அவரை அடையாளம் காண அந்தத் தளத்துக்கு மாவு போதும். அரிசி தேவையில்லை.

இதிலிருந்து அன்றாடத்துக்கு உதவும் ஒரு சோதனை கிடைக்கிறது. மறந்துவிட்டது என்று சொன்னதும் ஒரு தளம் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், அவர்கள் அதை அரைக்கவில்லை. எனக்கு அது நடந்திருக்கிறது. பொருள்கள் வாங்கும் ஒரு சிறிய தளம், நான் வைத்த சொல்லை எழுத்துப் பிசகாமல் அனுப்பி, ‘எங்களை அணுகியமைக்கு நன்றி’ என்றும் எழுதியிருந்தது. அதே சொல்லை வேறு மூன்று இடங்களிலும் வைத்திருந்தேன். அன்று இரவே மூன்றையும் மாற்றிவிட்டு அந்தக் கணக்கை மூடினேன். ‘கடவுச்சொல் 12 எழுத்துக்கு மேல் போகக் கூடாது’ என்று சொல்லும் தளங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஹாஷின் நீளம் எப்போதும் ஒன்றுதான். ஐந்து எழுத்தை அரைத்தாலும் ஐம்பது எழுத்தை அரைத்தாலும் சேமிக்க ஒரே அளவு இடம் போதும். பிறகு எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

பழுதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. 3875க்கு விடை காண 10,000 முறை பெருக்க வேண்டும் என்றேன். மனிதருக்கு அது பல நாள் வேலை. கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம். பின்னால் திரும்ப வழி இல்லாவிட்டாலும், முன்னால் பல முறை போய்ப் பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மோரிஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் உள்ள சொல்லாகவோ இருந்தன. அந்த 86 சதவீதத்துக்கும் அரைக்கும் கணக்கு எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை.

அவர்கள் சொன்ன மருந்துகளில் ஒன்றின் பெயர் உப்பு. உண்மையாகவே அந்தப் பெயர்தான் வைத்தார்கள். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்தால் ஹாஷும் ஒன்றாகவே வரும். ஒன்றை உடைத்தால் இரண்டும் உடையும். அகராதி முழுவதையும் ஒரு முறை அரைத்துப் பட்டியல் போட்டுக்கொண்டால், உலகின் எந்தத் தளத்தின் கோப்பு கிடைத்தாலும் வெறும் தேடலிலேயே விடை வந்துவிடும். இதைத் தடுக்க, அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் சொல்லோடும் தற்செயலாக எடுத்த சில எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு உப்பு, அதனால் வேறு மாவு. உப்பை மறைத்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஹாஷுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். திருடியவர் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக, முதலிலிருந்து அரைத்தாக வேண்டும். அதுதான் அதன் வேலை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். 2012 ஜூனில் லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் இணையத்தில் வெளியாயின. ஷா-1 என்ற வேகமான கணக்கில் அரைத்தவை, உப்பு இல்லை. சில நாட்களில் பெரும்பகுதி உடைந்தது. திருட்டு அத்தோடு நிற்கவில்லை என்பதும், 11 கோடியே 70 லட்சம் கணக்குகளின் மின்னஞ்சலும் ஹாஷும் கைமாறியிருந்தன என்பதும் 2016இல்தான் தெரிந்தது. மோரிஸும் தாம்சனும் உப்பைப் பற்றி எழுதி 33 ஆண்டுகள் கழித்தும் இப்படி. உலகின் திறமையான பொறியாளர்கள் வேலை தேடும் தளத்தில் இப்படி ஓர் அலட்சியம் என்பதை என்னால் இன்றும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடோபியில் நடந்தது இன்னும் பாடம் நிறைந்தது. 2013 அக்டோபரில் அந்நிறுவனத்திலிருந்து சுமார் 15 கோடி பதிவுகள் வெளியேறின. அவர்கள் கடவுச்சொற்களை அரைக்கவில்லை, பூட்டி வைத்திருந்தார்கள். அரைத்ததற்குச் சாவி கிடையாது. பூட்டியதற்கு உண்டு, ஒரே சாவி எல்லாவற்றையும் திறக்கும். அந்தச் சாவி வெளியே வராதபோதும் கதை கெட்டது. ஒரே கடவுச்சொல் எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரிப் பூட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே, நினைவூட்டலுக்காகப் பயனர்கள் எழுதி வைத்த குறிப்புகள் மறைப்பே இல்லாமல் இருந்தன. நீங்கள் எவ்வளவு கவனமாகக் குறிப்பு எழுதியிருந்தாலும், அதே சொல்லை வைத்திருந்த யாரோ ஒருவர் விடையையே குறிப்பாக எழுதியிருந்தால் உங்களுடையதும் போயிற்று. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது சுமார் 19 லட்சம் பேர் வைத்திருந்த சொல் 123456.

இரண்டாவது மருந்து வேகத்தைக் குறைப்பது. நம் கணினி அறிவெல்லாம் வேகத்தையே நல்லது என்று சொல்லிப் பழக்கியிருக்கிறது. இங்கே மட்டும் தலைகீழ். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆகும் சொற்கள் மொத்தம் சுமார் 20,883 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. விளையாட்டுகளுக்கென விற்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஷா-1 கணக்கை நொடிக்கு 1,000 கோடி முறைக்கு மேல் போடும். 21 நொடிகளில் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடும். 1999இல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மசியேர்ஸ் இருவரும் பிகிரிப்ட் என்ற கணக்கை வேண்டுமென்றே மெதுவாக அமைத்தார்கள். எவ்வளவு மெதுவாக என்பதைத் தளமே திருகிக்கொள்ளலாம், ஒரு திருகுக்கு வேலை இரண்டு மடங்காகும். அதே கார்டு நொடிக்கு 5,000 முறைதான் போட முடியும்படி திருகி வைத்தால், அந்த 21 நொடி வேலைக்குச் சுமார் 480 நாட்கள் ஆகும். உள்ளே நுழையும் நமக்கோ நொடியில் ஒரு பங்கு தாமதம், அதை உணரவே மாட்டோம். கணினிகள் வேகமாகும்போது திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் போதும். 2015இல் ஒரு பன்னாட்டுப் போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற கணக்கு, நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்கும். ஒரே கார்டில் ஆயிரக்கணக்கான முயற்சிகளை அடுக்கி ஓட்டுவதை அது கடினமாக்குகிறது.

இவ்வளவு செய்தாலும் ஓர் ஓட்டை உண்டு. நாம் தட்டச்சு செய்த சொல், அரைபடுவதற்கு முன் ஒரு கணம் அவர்களின் சர்வரில் முழுதாக இருக்கிறது. 2018 மே மாதத்தில் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. பிகிரிப்டில் அரைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அரைப்பதற்கு முன்பே சொற்களை ஓர் உள்பதிவேடு குறித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கும் தன் பதிவேடுகளில் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் அப்படியே கிடந்ததை ஒப்புக்கொண்டது. இதற்குத் தீர்வாகத்தான் இப்போது பாஸ்கீ வருகிறது. இதில் இரகசியம் தளத்துக்குப் போவதே இல்லை. தளம் ஒரு புதிரை அனுப்பும், கைப்பேசி அதில் கையொப்பமிட்டு அனுப்பும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழி மட்டுமே தளத்திடம் இருக்கும்.

ஐயாவிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மாவும் உப்பும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. அவரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்படியானால் புதிய சொல் வைக்கும் வழி என் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது? அந்த மின்னஞ்சல் போய்விட்டால்?” நல்லாசிரியரின் கேள்வி. எல்லாத் தளங்களின் சாவியும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால் அவருடைய மின்னஞ்சலுக்கு அன்றே நீளமான ஒரு சொல் வைத்தோம். நான்கு சொற்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. எவை என்று நான் பார்க்கவில்லை. ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பீரோவுக்குள் வரும் திருடனும் இணையத் திருடனும் வேறு வேறு ஆட்கள், எனவே அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

கென் தாம்சனின் சொந்தக் கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. பழைய யூனிக்ஸ் கோப்புகளில், 1980ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த ஒரு கடவுச்சொல் கோப்பு கிடைத்தது. யூனிக்ஸ் முன்னோடிகள் பலரின் ஹாஷ்கள் அதில் இருந்தன. ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். தாம்சனுடையது பல ஆண்டுகள் அசையவில்லை. 2019இல் ஒருவர் கிராபிக்ஸ் கார்டை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்டு அதைக் கண்டுபிடித்தார். எட்டே எழுத்துகள். சதுரங்கத்தில், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றும் தொடக்க நகர்வைப் பழைய முறையில் எழுதி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார். செய்தி கேட்ட தாம்சன் எழுதிய பதில் ஒரே சொல்: வாழ்த்துகள்.