கிழங்கைக் குளிப்பாட்டாதீர்கள்

ஊட்டிக்குக் குடிவந்த முதல் மாதம். மார்க்கெட்டில் வாங்கிய ஐந்து கிலோ உருளைக்கிழங்கைத் தொட்டியில் கொட்டி, மண் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம்கூடக் காயாமல் பிளாஸ்டிக் கூடையில் போட்டு மூடி வைத்தேன். சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான். பத்தே நாளில் அடுப்படியில் ஒரு வாடை. கூடைக்குள் கையை விட்டால் கொழகொழவென்று விரல் உள்ளே போகிறது. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிழங்கை யாராச்சும் குளிப்பாட்டி வைப்பாங்களா கண்ணு?"

மலையில் கிழங்கு என்றாலே உருளைதான். 1819-ல் இங்கே வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வேரூன்றிய பயிர். மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டையாக ஏலம் போகும்போதும் ஊட்டிக் கிழங்கு மண்ணோடுதான் இருக்கும். அந்த மண்ணை நான் அழுக்கு என்று நினைத்ததுதான் தப்பு.

பாட்டி சொன்னதில் இருக்கும் அறிவியல் இதுதான். உருளைக்கிழங்கு வேர் இல்லை, மண்ணுக்குள் பருத்த தண்டு. பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. தோலில் இருக்கும் நுண்துளைகள் வழியாக ஆக்சிஜனை இழுத்து, மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கரியமில வாயுவையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. தோலின் மேல் தண்ணீர் படலமாக நின்றால் அந்தத் துளைகள் அடைபடும். கிழங்கு மூச்சுத் திணறும் அந்த நேரம், காற்றில்லாமலும் வாழத் தெரிந்த அழுகல் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். செல்லையும் செல்லையும் ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைத்தான் அது முதலில் கரைக்கும். என் விரல் உள்ளே போனது அதனால்தான். போதாததற்கு, தேய்த்துக் கழுவியதில் தோலெல்லாம் கீறல். கிழங்குக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரியும். கீறல் மேல் தக்கை போன்ற ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் காற்றும் சில நாள் அவகாசமும் வேண்டும். மூடிய ஈரக்கூடையில் இரண்டும் கிடையாது.

இப்போது சணல் சாக்கில், இருட்டு மூலையில், மண் உதிராமல் வைக்கிறேன். வாரம் ஒருமுறை கையை விட்டுத் துழாவி, கெட்டது இருந்தால் எடுத்துவிடுவேன். வெங்காயத்துக்கு வேறு கூடை. கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது.

இருட்டு ஏன் என்றால், வெளிச்சம் பட்டால் கிழங்கு தான் தண்டு என்பதை நினைவுக்குக் கொண்டுவந்து பச்சையாகிவிடும். அந்தப் பச்சை வெறும் குளோரோஃபில், கீரையில் இருப்பதேதான், ஒன்றும் செய்யாது. கூடவே ஏறும் சொலனின் என்ற நஞ்சுதான் பிரச்சினை. கசக்கும், தொண்டை எரியும், அளவு மீறினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. வேகவைத்தாலும் அது போகாது. நல்லவேளையாக, பெரும்பகுதி தோலிலும் அதையொட்டிய சில மில்லிமீட்டரிலும் முளையிலும்தான் இருக்கும். அதனால் ஒரு ஓரம் பச்சையான கெட்டிக் கிழங்கை முழுசாகத் தூக்கிப் போட வேண்டாம்; அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறிந்தால் போதும். முளையும் அப்படித்தான், கண்ணோடு தோண்டி எடுத்துவிடலாம். சுற்றிலும் பச்சை, அல்லது சுருங்கிப்போய் நீளநீளமாக முளை, அல்லது வாயில் வைத்ததும் கசப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பைதான். சிக்கனம் பார்க்கும் இடம் அது இல்லை.

சரி, ஃபிரிட்ஜில் வைத்தால்? வைத்துப் பார்த்தேன். வறுவல் கரிந்துபோய், ஓர் அசட்டு இனிப்போடு வந்தது. ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற ஆரம்பிக்கும். அந்தச் சர்க்கரை சூடான எண்ணெயில் கிழங்கின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து சீக்கிரமே கறுக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதில் கூடுதலாக உண்டாகிறது. உணவில் அது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஃபிரிட்ஜில் இருந்த கிழங்கை வெளியே எடுத்து இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பேசாமல் வெளியிலேயே வைத்திருக்கலாம். ஊட்டி வீடுகளில் அடுப்படி அலமாரியே பாதி நாள் நல்ல குளிர்பதனக் கிடங்கு. ஜனவரியில் புல்மேல் உறைபனி விழும் நாட்களில் மட்டும் சாக்கை வராந்தாவிலிருந்து உள்ளே இழுத்துவிட வேண்டும். உறைந்த கிழங்கின் செல்கள் வெடித்துவிடும், அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது.

சமையலுக்கு வருவோம். கீழே கோவையில் இருபது நிமிடத்தில் வெந்த கிழங்கு இங்கே திறந்த பாத்திரத்தில் அடம் பிடிக்கும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அதனால் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மாவுச்சத்து 70 டிகிரிக்குள் குழைந்துவிடும், அதில் சிக்கல் இல்லை. அந்தப் பெக்டின் பசை இளகுவதுதான் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் மெதுவாகிறது. தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் பறக்கும், சூடு ஏறாது; சிலிண்டர்தான் காலியாகும். குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் தன் அழுத்தத்தைச் சேர்ப்பதால், உள்ளே 116 டிகிரி வரை போகும். கீழே கிடைக்கும் 120-ஐ எட்டாது, ஆனால் 93 எங்கே, 116 எங்கே! தோலோடு போட்டு, கால்வாசி தண்ணீர் விட்டு, விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, அணைத்தபின் ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிடுவேன். அந்த நேரமும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், காசில்லாமல்.

இன்னொன்று. புளிக்குழம்பில் கிழங்கு வெந்தபிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். புளிப்பு பெக்டினைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதலிலேயே ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கொதித்தும் நறுக்கென்று கடிபட்ட குழம்பு எங்கள் வீட்டில் ஒருநாள் அப்படியே மிஞ்சியது.

கழுவிய மண்ணையும் தோலையும் எங்கே போடுவது என்பதில் மட்டும் மலைவாசிகளுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கடுகைவிடச் சின்னதாக இருக்கும் அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள், மண்ணில் பல வருடம் சும்மா கிடந்து காத்திருக்கும். பாட்டி தன் கிழங்குப் பாத்தியில் கடைக் கிழங்கின் கழுவுத் தண்ணீரை ஊற்ற விடமாட்டார். ரோஜாச் செடியைக் காட்டி, "அதுக்கு ஊத்து" என்பார்.