ஒரே பெயரில் இறந்தவர்களில் நம் மூதாதை யார்?

குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இறப்புப் பதிவுதான். பிறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். திருமணப் பதிவில் துணையின் பெயர் இருக்கும். இறப்புப் பதிவிலோ பெரும்பாலும் பெயர், வயது, தொழில், இறந்த இடம், காரணம் ஆகியவற்றோடு சரி. ஸ்காட்லாந்தில் 1855-ல் அரசுப் பதிவு தொடங்கியபோதே இறந்தவரின் தாய் தந்தை பெயரையும் கேட்டு எழுதினார்கள். 1837-லேயே பதிவைத் தொடங்கிவிட்ட இங்கிலாந்தில் அந்த விவரம் இல்லை. அங்கே ஒரு ஜான் ஸ்மித்தைத் தேடினால் ஒரு கூட்டமே வந்து நிற்கும்.

முதல் வேலை, கால எல்லையைச் சுருக்குவது. 1881 ஏப்ரல் 3-ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் தேடும் ஜான் உயிரோடு இருக்கிறார். 1891 ஏப்ரல் 5-ஆம் தேதிக் கணக்கெடுப்பில் மனைவி விதவை என்று கொள்வோம். 1886-ல் நடந்த மகளின் திருமணப் பதிவு தந்தையைக் 'காலமானவர்' என்று குறித்திருந்தால், தேட வேண்டிய ஆண்டுகளில் பாதி கழிந்துவிடும். ஆனால் அந்தக் குறிப்பு இல்லாததால் மட்டும் அவர் உயிரோடிருந்தார் என்று முடிவு கட்டக்கூடாது. பதிவாளர்கள் பலமுறை அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

எஞ்சியவர்களை எடைபோட ஒரு கணிதம் உண்டு. கனடாவில் மரபியலாளர் ஹோவர்ட் நியூகோம்பும் அவருடைய சகாக்களும் 1959-ல் காட்டிய வழியை, 1969-ல் புள்ளியியலாளர்கள் ஐவன் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் முறையான கோட்பாடாக்கினார்கள். சரியான பதிவில் ஒரு விவரம் ஒத்துப்போகும் வாய்ப்பை, சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் அது தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பால் வகுக்க வேண்டும். நூறில் ஒருவருக்கு இருக்கும் குடும்பப்பெயர், சரியான பதிவில் 90 சதவீதம் ஒத்துப்போகும் என்றால், 0.9-ஐ 0.01-ஆல் வகுக்க 90 வரும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் உள்ள பெயர் என்றால் 9,000. அரிய பெயருக்கு அவ்வளவு பலம்!

வயதுக்கு அந்தப் பலம் கிடையாது. இறந்த நாளையும் இடத்தையும், பதிவாளரிடம் இறப்பைத் தெரிவித்துத் தகவல் தந்தவர் நேரில் அறிந்திருப்பார். பிறந்த ஆண்டு அவருக்குக் கேள்விஞானம். அதனால்தான் பழைய பதிவுகளில் 60, 65, 70 என்று முழு எண்களில் வயது குவிந்து கிடக்கிறது. 1841 கணக்கெடுப்பிலோ 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி உத்தரவே இருந்தது. மூன்று வயது இடிக்கிறது என்று ஒருவரைத் தள்ளிவிடுவது பெரும் தவறு.

ஒவ்வொரு விவரத்துக்கும் கிடைக்கும் எண்களைப் பெருக்கினால் விடை வந்துவிடும் என்று தோன்றும். விவரங்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். தாத்தாவின் பெயரைப் பேரன்மார் பலருக்கும் இடும் குடும்பத்தில், ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே தொழில் செய்யும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் இரண்டு மூன்று ஜான்களாக இருப்பார்கள். பெயர், ஊர், தொழில் மூன்றும் பொருந்தினாலும் அது ஒரே சாட்சியை மும்முறை எண்ணியதாகத்தான் ஆகும்.

அந்த நிலையில் எனக்கு நம்பிக்கை தருவது, இறப்புப் பதிவில் தகவல் தந்தவரின் பெயரை எழுதும் கட்டம். அங்கே கையெழுத்திட்ட மகளின் திருமணத்துக்குப் பிந்தைய பெயரும் முகவரியும் அடுத்த கணக்கெடுப்பில் அவள் இருக்கும் வீட்டோடு பொருந்தினால், அது தனித்து நிற்கும் சாட்சி. அதுவும் கிடைக்காதபோது மற்ற ஜான்கள் ஒவ்வொருவரையும் அவரவர் முடிவுவரை தொடர வேண்டும். 1884-ல் இறந்தவராக நாம் சந்தேகித்தவர் 1901 கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு இருந்தால், அந்த மரணம் அவருடையது இல்லை. அப்படியும் இருவர் மிஞ்சினால், இருவரையும் கேள்விக்குறியோடு வம்சாவளியில் குறித்துவைக்க வேண்டும்.