மாட்டுச் சந்தையில் ஒரு கூடுதல் ‘ட்’

“சீனாபுரம் சந்தைக்கு வருவது மாடுகள். பிறகேன் ‘மாட்டுச் சந்தை’ என்கிறோம், ‘மாடுகள் சந்தை’ என்பதில்லை?” பெருந்துறை வாசகர் ஒருவரின் கேள்வி இது.

பன்மையைச் சட்டென்று முடித்துவிடலாம். அஃறிணைக்குக் ‘கள்’ கட்டாயமில்லை. ‘பத்து மாடு’ என்றாலே போதும். ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ இரண்டும் சரி. ஒன்றா பலவா என்பதை வினைமுற்று சொல்லிவிடும். ‘கள்’ சேர்ந்தாலும் பெயர் அப்படியே நிற்கும்: ஆடுகள், எருதுகள். பசு, புறா, ஈ போன்றவற்றில் ‘க்’ மிகும்: பசுக்கள், புறாக்கள், ஈக்கள்.

சுவையெல்லாம் உடைமையில்தான். அந்தியூரில் கூடுவது குதிரைச் சந்தை. இடையில் ‘ச்’ வந்ததே தவிர, குதிரை மாறவில்லை. மாடோ உள்ளுக்குள்ளேயே மாறுகிறது. ‘மாடு’ என்னும்போது டகரம் மெலிந்து, குரல்நாண் அதிர ஒலிக்கும். ‘மாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள்: நாக்கு மேலண்ணத்தை அழுத்தி மூச்சை அடைக்கிறது, அதிர்வு நின்றுவிடுகிறது. ‘மாட்டுக்குரிய’ என்ற பொருளைச் சுமப்பது அந்த அடைப்புதான்; உருபே வேண்டாம். ‘மாட்டாஸ்பத்திரி’யில் உகரம்கூட ஓடிவிட்டது, ‘ட்ட’ மட்டும் அசையவில்லை.

எல்லாச் சொல்லும் இப்படி இரட்டிக்காது. முடிவில் டு அல்லது று வேண்டும்; அதற்கு முன் தனி நெடிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தோ இருக்க வேண்டும்; ஒட்டி நிற்பது மெய்யாக இருக்கக்கூடாது. ஆடு, வெள்ளாடு தேறும். நண்டும் கன்றும் தேறா. அதனால்தான் நண்டுக்கால், கன்றுக்குட்டி. மாட்டில் உண்ணி, ஆனால் மடுவில் தண்ணீர்: தனிக் குறிலுக்குப் பின் உகரம் முழுதாக ஒலிக்கும், நெடிலுக்குப் பின் குறுகும். குறுகினால்தான் இரட்டிப்பு.

இதை 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் ஒரே நூற்பாவில் அடக்கிவிட்டது. அதன் ஆசிரியர் பவணந்தி முனிவர் சீனாபுரத்துக்காரர் என்பது கொங்கு மரபு. கேள்வி சரியான ஊரைத்தான் தொட்டிருக்கிறது! நூற்பாவை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள் அந்த ஒலியைக் காதால் கேட்க வைப்பதில்லை என்பது என் குறை. ‘மாடுக்குத் தீனி’, ‘ஆட்டுகள்’ என்ற இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே: வேற்றுமைக்கு இரட்டிக்கும், பன்மைக்கு இரட்டிக்காது.

தொகுதிப் பெயரிலும் இதே கணக்குதான். ஆட்டுமந்தை, ஆட்டுப்பட்டி என்றால் ஆடுகளுக்குரியவை. ‘ஆடுமாடு’ என்பதில் ஆடு மாட்டுக்கு உரியதுமல்ல, மாடு ஆட்டுக்கு உரியதுமல்ல. இரண்டும் சமமாக நிற்கின்றன, டகரமும் மெலிந்தே கிடக்கிறது. தண்ணி காட்டும் நேரம் வந்தால் கடைசிச் சொல் மட்டும் இறுகும்: ஆடுமாட்டுக்கு.