ஓடும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரல்: எமுலேட்டர் எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

கொமடோர் 64 கணினியின் பேசிக் (அதிலேயே அமைந்த நிரல்மொழி), மின்சாரம் வந்தவுடன் 24 பைட் நீளமுள்ள ஒரு குட்டித் துணைநிரலை ராமில் நகலெடுத்து வைக்கும். முகவரி 115 முதல் 138 வரை அதன் இடம். பேசிக் வரியிலிருந்து அடுத்த எழுத்தை எடுத்துத் தருவது அதன் வேலை. 121-ஆம் முகவரியில் ஒரு லோட் கட்டளை இருக்கிறது. எங்கிருந்து எடுப்பது என்பதைச் சொல்லும் இரண்டு பைட்டுகள் 122, 123-இல் உள்ளன. துணைநிரலின் முதல் கட்டளை 122-இல் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறது. அது சுழியாகிவிட்டால் 123-ஐயும் கூட்டுகிறது. அதாவது, சுட்டி தனியாக எங்கோ இல்லை, கட்டளையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பேசிக் ஓடும் நேரமெல்லாம் இந்தத் துணைநிரல் எழுத்துக்கு எழுத்து தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு கணினியை (கெஸ்ட்) இன்னொரு கணினியின் (ஹோஸ்ட்) மேல் மென்பொருளால் காட்டுவது எமுலேட்டர். ஒவ்வொரு கட்டளையையும் நினைவகத்திலிருந்து புதிதாகப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. வேகத்துக்காகக் கட்டளைகளை முன்கூட்டியே பிரித்தோ, ஜிட் (ஓடும்போதே மொழிபெயர்க்கும் பகுதி) மூலம் ஹோஸ்ட் சிப்பின் கட்டளைகளாக மாற்றியோ சேமித்து வைக்கத் தொடங்கும் நாளில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. நினைவகத்தில் இருப்பது ஒன்று, நாம் சேமித்து வைத்திருப்பது இன்னொன்று. பிழை உடனே தலைகாட்டவும் செய்யாது. கணினி பூட் ஆகும், விளையாட்டின் முகப்பு வரும், மூன்றாம் கட்டத்தில் திரை உறையும். எழுதியவர் ஃப்ளாக் (கணக்கின் விளைவைக் குறிக்கும் பிட்) கணக்கீட்டிலும் இன்டரப்டிலும் நாள்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எது சரியான நடத்தை? 'புதிய பைட்தான் ஓட வேண்டும்' என்பது எல்லாச் சிப்புக்கும் பொருந்தாது. 6502 சிப்பில் எழுதிய பைட் அடுத்த கட்டளையிலேயே பலிக்கும். இன்டெலின் 8086 சிப்பில் 6 பைட் ப்ரீஃபெட்ச் கியூ (அடுத்த கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் வரிசை), 8088-இல் 4 பைட், 486-இல் 32 பைட். கியூவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட கட்டளையை நினைவகத்தில் மாற்றினாலும் ஓடுவது பழையதுதான். ஒரு ஜம்ப் வந்தால்தான் கியூ காலியாகும். பென்டியத்திலிருந்து சிப்பே இதைக் கண்காணித்து, திருத்திய கட்டளையைப் புதிதாக எடுத்துக்கொள்கிறது. டாஸ் காலத்து நகல்தடுப்புச் சிலவற்றில் இதையே பொறியாக வைத்தார்கள். டீபக்கரில் ஒவ்வொரு படியாக ஓட்டினால் கியூ ஒவ்வொரு முறையும் காலியாகும், புதிய பைட் ஓடும், மாட்டிக்கொள்வோம். பென்டியத்துக்கு முந்தைய இயந்திரத்தை அப்படியே காட்டுவது உங்கள் நோக்கமென்றால் கியூவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஏஆர்எம், மிப்ஸ், பவர்பிசி, ரிஸ்க்-வி ஆகியவற்றில் கதை வேறு. அங்கே 'நான் நிரலை மாற்றிவிட்டேன்' என்று மென்பொருள்தான் சிப்புக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தனிக் கட்டளைகள் உண்டு. கேம்கியூபின் பவர்பிசி சிப்பில் அப்படி ஒரு கட்டளை 32 பைட் கொண்ட ஒரு கேஷ் (சிப்புக்குள் உள்ள வேகமான சிறு நினைவகம்) வரியை நீக்கும். எமுலேட்டரில் அந்த 32 பைட்டைத் தொடும் பிளாக்குகளை (ஒன்றாக மொழிபெயர்த்துச் சேமித்த கட்டளைத் தொகுதிகளை) தூக்கினால் போதும். ஆனால் அந்தக் கட்டளையை மட்டுமே நம்பி உட்காராதீர்கள். உண்மையான சிப்பின் கட்டளைக் கேஷ் சிறியது. பிளேஸ்டேஷன் 1-இல் வெறும் 4 கிலோபைட். விளையாட்டு புதிய பகுதியைப் பழைய இடத்திலேயே ஏற்றும்போது கேஷை நீக்க மறந்திருந்தாலும், இடையில் ஓடிய வேறு நிரல் பழைய வரிகளை வெளியே தள்ளியிருக்கும். தவறு தெரியாமலே போய்விடும். நம் பிளாக் கேஷோ பல மெகாபைட். எதையும் தானாக மறப்பதில்லை. உண்மையான இயந்திரத்தில் ஓடுவது நம்மிடம் விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிளேஸ்டேஷனில் இன்னொரு குழியும் உண்டு. கேஷைக் காலி செய்ய அதன் பயாஸ் (ரோமில் உள்ள தொடக்க நிரல்), ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 16-ஆம் பிட்டை ஏற்றிவிட்டுத் தாழ்ந்த முகவரிகளில் சுழிகளை எழுதிக்கொண்டே போகும். அந்த பிட் ஏறியிருக்கும்போது எழுதுவது எதுவும் ராமுக்குப் போகக் கூடாது. இதைக் கவனிக்காத எமுலேட்டர், முகவரி 128-இல் இருக்கும் எக்செப்ஷன் ஹேண்ட்லர் (விதிவிலக்கு நேர்ந்தால் ஓடும் நிரல்) உட்பட கெர்னலையே சுழியாக்கிவிடும்.

எழுதும்போது பிடிப்பது

பிளாக்கை ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் அதன் மூலப் பைட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய வழி. சரியாக வேலை செய்யும், ஆனால் ஜிட்டால் கிடைத்த வேகத்தில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். நடைமுறையில் நிற்கும் வழி, எழுதும்போது பிடிப்பது. கெஸ்டின் ஒரு பேஜிலிருந்து (நினைவகத்தின் நிலையான அளவுத் துண்டு) முதல் பிளாக்கை மொழிபெயர்க்கும் கணத்தில் அந்தப் பேஜை 'இங்கே நிரல் உண்டு' என்று குறித்துவிடுங்கள். அதன்பின் அந்தப் பேஜில் எழுதுவதெல்லாம் வேகமான பாதையை விட்டு மெதுவான பாதைக்குப் போகட்டும். கியூஎமு என்ற எமுலேட்டர் இதைத்தான் செய்கிறது: முழு இயந்திரத்தைக் காட்டும்போது மென்பொருள் டிஎல்பியில் (முகவரி மாற்ற அட்டவணையில்) ஒரு குறி, ஒரே ஒரு நிரலை மட்டும் ஓட்டும்போது ஹோஸ்ட் பேஜையே எழுதத் தடைசெய்து, வரும் சிக்னலைப் பிடிக்கிறது. ஹோஸ்ட் பேஜ் பெரிதாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். ஆப்பிள் எம் வரிசைச் சிப்புகளில் அது 16 கிலோபைட். ஒன்றைப் பூட்டினால் 4 கிலோபைட் கெஸ்ட் பேஜ்கள் நான்கு சேர்ந்தே பூட்டப்படும்.

பிளாக்குகளின் பதிவேடு பௌதிக முகவரிப்படி இருக்கட்டும். ஒரே ராம் பேஜ் இரண்டு மெய்நிகர் முகவரிகளில் தெரியலாம். ஒன்றின் வழியே எழுதிவிட்டு மற்றொன்றின் வழியே ஓடுவது சாதாரணமாக நடக்கும். கொமடோர் 64-இல் 40960 முதல் 49151 வரை படித்தால் பேசிக் ரோம் தெரியும். எழுதினால் அடியில் இருக்கும் ராமில் போய் விழும். அப்போது செல்லாததாக்க வேண்டியது ராம் பிளாக்கை, ரோம் பிளாக்கை அல்ல. எக்ஸ்86 (8086 வழிவந்த சிப் குடும்பம்) கட்டளை 15 பைட் வரை நீளும் என்பதால் பேஜ் எல்லையில் கால் வைத்து நிற்கும். அப்படிப்பட்ட பிளாக்கை இரண்டு பேஜ்களின் பட்டியலிலும் சேருங்கள். டிஎம்ஏ (சிப்பின் வழியே போகாமல் சாதனங்கள் நேராக ராமில் எழுதுவது), வட்டிலிருந்து ஏற்றுதல், சேமித்த நிலையை மீட்டல் என ராமைத் தொடும் எல்லா வழிகளும் இதே சோதனையைத் தாண்டியே போக வேண்டும். பலருக்கும் விட்டுப்போவது டிஎம்ஏதான்.

தன் கிளையைத் தானே வெட்டும் பிளாக்

இதுதான் கடினமான இடம். ஓடிக்கொண்டிருக்கும் பிளாக்கின் நடுவில் உள்ள ஒரு கட்டளை, அதே பிளாக்கில் இன்னும் ஓடாத கட்டளையை மாற்றுகிறது. மெதுவான பாதையில் பிளாக்கைச் செல்லாததாக்கிவிட்டுத் திரும்பினால், திரும்பும் இடமே பழைய மொழிபெயர்ப்புதான்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது. மெதுவான பாதைக்குள் நுழைந்ததும், எழுதும் முன்பே, நாம் வந்த ஹோஸ்ட் முகவரி நீக்கப்படப்போகும் பிளாக்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மொழிபெயர்க்கும்போது சேர்த்து வைத்த அட்டவணையைக் கொண்டு கெஸ்டின் பிசியை (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை) அந்தக் கட்டளையின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தள்ளிப்போட்டிருந்த ஃப்ளாக்குகளையும் கணக்கிட்டு முடியுங்கள். பிளாக்கை நீக்குங்கள். அந்த ஒரே கட்டளையை மட்டும் கொண்ட பிளாக்கை உருவாக்கி ஓட்டுங்கள். பிறகு மெயின் லூப்புக்குத் திரும்பினால் அடுத்த கட்டளை புதிய பைட்டுகளிலிருந்து மொழிபெயர்க்கப்படும். எக்ஸ்86 கெஸ்டுக்கு கியூஎமு செய்வதும் இதுவே.

எழுதும் முன்பே என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நினைவகத்தில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டும் கட்டளையில், எழுதிய பிறகு பிளாக்கைக் கைவிட்டு மறுபடி ஓட்டினால் இரண்டு முறை கூட்டிவிடும். கொமடோரின் 122-ஆம் முகவரியில் இது நடந்தால் பேசிக் ஒன்றுவிட்டு ஒரு எழுத்தைத்தான் படிக்கும்.

நீக்கிய பிளாக்கின் ஹோஸ்ட் நினைவகத்தை அந்த இடத்திலேயே விடுவிக்காதீர்கள். ஸ்டாக்கில் திரும்பும் முகவரி அதற்குள் இருக்கக்கூடும். பல கோர்களைத் தனித்தனி த்ரெட்டுகளில் ஓட்டினால் இன்னொரு த்ரெட் அதே கணத்தில் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு, பஃபர் நிரம்பும்போது எல்லாக் கோர்களையும் நிறுத்தி மொத்தமாகக் காலி செய்வது பாதுகாப்பு. கூடவே, மற்ற பிளாக்குகளிலிருந்து இதற்கு நேராகத் தாவும்படி கோத்திருந்த இணைப்புகளை அவிழ்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் செத்த பிளாக் ஓடும்.

வேகம் சரிந்து விழும்போது

சரியாக ஓடினாலும் தாங்கமுடியாத அளவுக்கு மெதுவாகிவிடுவது அடுத்த தொல்லை. 1993-இல் வந்த டூம் விளையாட்டின் டாஸ் பதிப்பில் சுவர்ப் பத்திகளை வரையும் அசெம்ப்ளி நிரல், ரெஜிஸ்டர் பற்றாக்குறையால், கூட்ட வேண்டிய படியளவைக் கூட்டல் கட்டளைக்குள்ளேயே எழுதிவிட்டு லூப்பைத் தொடங்கும். ஒவ்வொரு பத்திக்கும் இப்படி. திரை அகலம் 320 பத்திகள். ஒவ்வொரு முறையும் பிளாக்கை நீக்கி மறுபடி மொழிபெயர்த்தால் ஜிட்டை விட இன்டர்பிரெட்டரே வேகமாக இருக்கும்.

மருந்து இரண்டு. பேஜ் முழுவதையும் ஒரே குறியால் காக்காதீர்கள். 4096 பைட்டை 64 பைட் கொண்ட 64 துண்டுகளாகப் பிரித்தால், நிரல் இருக்கும் துண்டுகளை ஒரே 64 பிட் எண்ணில் குறித்துவிடலாம். பழைய நிரல்களில் மாறிகளும் கட்டளைகளும் அக்கம்பக்கமாகவே குடியிருக்கும். மாறியில் எழுதியதற்காகப் பக்கத்துக் கட்டளைகளை நீக்குவது வீண். இரண்டாவது, பைட்டுக்கு ஓர் எண்ணி வைத்து, நான்கைந்து முறை செல்லாததான இடத்தை அடையாளம் காணுங்கள். மாறுவது கட்டளைக்குள் இருக்கும் எண் மட்டும்தான் என்றால், அதை மாறிலியாகப் பதிக்காமல், ஓடும்போது கெஸ்ட் நினைவகத்திலிருந்து படிக்கும்படி மொழிபெயருங்கள். அந்த எண்ணின் 4 பைட்டுகளைக் காவல் வரைபடத்திலிருந்து விலக்கிவிட்டால் இனி எழுதுவதால் ஒன்றும் ஆகாது. ஆப்கோட் பைட் (எந்தக் கட்டளை என்று சொல்லும் பைட்) மட்டும் காவலிலேயே இருக்கட்டும். டாஸ் எமுலேட்டரான டாஸ்பாக்ஸின் டைனமிக் கோர் (அதன் ஜிட்) அடிக்கடி மாறும் எண்களை இப்படித்தான் கையாள்கிறது. ஆப்கோடே ஓயாமல் மாறுகிறதென்றால் அந்த இடத்தை இன்டர்பிரெட்டரிடம் விட்டுவிடுவதே நல்லது.

நம் ஜிட்டும் ஹோஸ்டின் கண்ணில் தன்னைத் திருத்தும் நிரல்தான். ஏஆர்எம் ஹோஸ்டில் பிளாக்கை எழுதிய பின் டேட்டா கேஷைத் துப்புரவாக்கி, காத்திருந்து, கட்டளைக் கேஷை நீக்கி, மறுபடி காத்திருந்து, பைப்லைனைப் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்த பில்ட் எக்ஸ்86 மடிக்கணினியில் ஒழுங்காக ஓடி, கைப்பேசியில் மட்டும் எப்போதாவது விழும்.

எக்ஸ்86-இன் 16 பிட் முறையில் சோதனைக்கு ஏழு பைட் போதும். தசமத்தில் 198, 6, முகவரியின் தாழ்பைட், உயர்பைட், 2. தொடர்ந்து 176, 1. முதல் கட்டளை கடைசி பைட்டான 1-இன் மேல் 2-ஐ எழுதுகிறது. அடுத்தது அந்த பைட்டை ஏஎல் ரெஜிஸ்டரில் ஏற்றுகிறது. பென்டியம் எமுலேட்டரில் ஏஎல் 2 ஆக இருக்க வேண்டும். கியூவோடு எழுதிய 8086-இல் 1. இதையே ஒரு லூப்பில் வைத்து இரண்டாம் சுற்றில் 3 எழுதிப் பாருங்கள், பேஜ் எல்லைக்கு இரு பக்கமும் விழும்படி நகர்த்திப் பாருங்கள், எழுதும் வேலையை டிஎம்ஏவிடம் கொடுத்துப் பாருங்கள். ஜிட்டில் கை வைக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இந்தச் சோதனைகள் தானாக ஓடட்டும்.