டிரை ரைசர்: தமிழில் உலர் ஏறுகுழாய்

காரைக்குடியில் ஐந்து மாடித் தங்கும் விடுதி ஒன்றின் முகப்புச் சுவரில், வரிசையாக நின்ற இருசக்கர வண்டிகளுக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி ஒன்றைக் கண்டேன். அது என்னவென்று காவலாளியிடம் கேட்டபோது, "தண்ணி வராத பழைய பைப்புங்கய்யா, எடுக்காம விட்டிருக்காக" என்றார். அது பழுதடைந்த குழாயன்று; டிரை ரைசர் என்னும் தீயணைப்புக் குழாய். தண்ணீர் இல்லாமல் இருப்பதே அதன் இயல்பு. அந்தப் பெட்டியின் மேல் ஒரு தமிழ்ச் சொல்கூட எழுதப்படாத நிலையில், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிரை ரைசர் என்பது கட்டடத்தின் அடியிலிருந்து உச்சி வரை செங்குத்தாகச் செல்லும் இரும்புக் குழாய். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதன் உள்விட்டம் 100 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டியின் குழாயைத் தரைமட்டத்தில் அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் இருக்கும் அதன் வாயோடு பொருத்தி, வண்டியின் பம்பால் நீரைச் செலுத்துவார்கள். வீரர்கள் தீயுள்ள மாடியிலுள்ள வால்வில் தம் குழாயை இணைத்து அந்த நீரைப் பீய்ச்சுவார்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேற உச்சியிலும், பணி முடிந்தபின் நீரை வடிக்க அடியிலும் வால்வுகள் உண்டு. இடையில் ஏதேனும் ஒரு மாடியின் வால்வு திறந்து கிடந்தால் நீர் அங்கேயே கொட்டி, மேல்மாடிக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகும். பிரிட்டனில் 18 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இதை வைக்கிறார்கள். 50 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் நீர் நிறைந்திருக்கும் 'வெட் ரைசர்' வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்றால் தானே எழுதல், 'ரெய்ஸ்' என்றால் ஒன்றை எழுப்புதல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ரைசர் தன்வினையிலிருந்து பிறந்த சொல். மாடிப்படியின் நிமிர்ந்த முகப்பையும் கொத்தனார்கள் ரைசர் என்றே சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தமிழ் ஏறு, ஏற்று என்று இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது ஏற்றம். ஊருக்கு நீர் அனுப்புவது நீரேற்று நிலையம். இங்கே நீரை ஏற்றுவது வண்டியின் பம்பே தவிரக் குழாய் அன்று. ஆகையால் 'ஏற்றுக்குழாய்' பொருந்தாது. ஊறுகாய் போல வினைத்தொகையாக, இடையில் வல்லினம் மிகாமல், 'ஏறுகுழாய்' என்பதே சரி. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், கூரையின் மழைத்தண்ணீரை இறக்கும் குழாயை இறங்குகுழாய் என்றால் எவ்வளவு எளிதில் விளங்குமோ, அவ்வளவு எளிதில் இதுவும் விளங்கும்.

'டிரை' என்பதற்கு வறள் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கண்மாய் வறண்டது என்றால் இருக்கவேண்டிய நீர் இல்லாமற்போனது என்று பொருள். காவலாளி கொண்ட தவறான எண்ணத்தை அச்சொல் உறுதிப்படுத்திவிடும். வெற்றுக்குழாய் என்றால் பயனற்றது என்ற நிழல் படியும். உலர் மின்கலம் என்று பள்ளிப் பாடநூலிலேயே பழகிய 'உலர்' என்ற அடைமொழி, பழுதைச் சுட்டாமல் வகையைச் சுட்டுவதால், உலர் ஏறுகுழாய் என்பதே என் தேர்வு. அதன் இணையான வெட் ரைசரை 'ஈர' என்று தொடங்கினால் ஈரத்துணிதான் நினைவுக்கு வரும்; நீர்நிறை ஏறுகுழாய் என்று சொல்லலாம்.

அந்தச் சிவப்புப் பெட்டியின் மேல் எழுதவேண்டியது இவ்வளவுதான்: "உலர் ஏறுகுழாய். தீயணைப்பு வண்டி நீர் செலுத்தும் வாய். இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்."