‘சும்மா உதவி செய்தேன்’ என்று சொல்லும் நம் பிள்ளைகள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் 17 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். டெக்னிஷியன், ஆப்பரேட்டர், தரக் கட்டுப்பாட்டு உதவியாளர், கிடங்கு எழுத்தர் எனப் பல பதவிகளுக்கான நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறேன். எதிரே வந்து அமரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தகுதி இல்லாமல் தோற்பதில்லை. தாங்கள் செய்த வேலையைத் தங்கள் வாயால் சொல்லத் தயங்கியே தோற்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

நிபோங் தெபாலிலிருந்து வந்த ஓர் இளைஞரை இன்னும் மறக்க முடியவில்லை. போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா முடித்து, பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சியும் பெற்றிருந்தார். பயிற்சிக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று எங்கள் பொறியாளர் கேட்டபோது, “டெக்னிஷியனுக்கு உதவியாக இருந்தேன்” என்றார். எந்த மாதிரியான உதவி என்று மறுபடியும் கேட்டதற்கு, “அவர் சொன்னதைச் செய்தேன்” என்றார். பொறியாளர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத் தாளை மடித்துவிட்டார். மின்தூக்கி வரைக்கும் அவரைக் கொண்டுபோய் விட நான் நடந்தேன். பயிற்சி எப்படிப் போனது என்று தமிழில் விசாரித்ததும் அவர் முகம் தெளிந்தது. அங்கே பொருள்களை நகர்த்தும் ஒரு கன்வேயர் அடிக்கடி நின்றுபோகுமாம். அது நிற்கும் நேரத்தை இவர் இரண்டு வாரம் தம் நோட்டில் குறித்து வைத்தாராம். பெரும்பாலும் இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில்தான் நிற்கிறது என்பதையும், சென்சாரில் தூசி படிவதே காரணம் என்பதையும் கண்டுபிடித்து, துடைக்கும் வேலையை ஷிப்டின் நடுவிலும் ஒருமுறை செய்ய வேண்டும் என்று டெக்னிஷியனிடம் சொன்னாராம். அதன் பிறகு கன்வேயர் நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டதாம். “இதை ஏன் தம்பி உள்ளே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அது சும்மா நான் பார்த்தது மேடம், பெரிசா ஒண்ணும் இல்ல” என்றார். நான் திரும்பிப்போய்ப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் வருந்தினார். ஆனால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

தேர்வு அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்கினால் இந்தத் தயக்கத்தின் விலை புரியும். பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் ஒரே பதவிக்கு வரும் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறோம். எங்கள் முன்னால் மதிப்பெண் தாள் ஒன்று இருக்கும். பிரச்சினையைக் கண்டறியும் திறன், குழுவோடு ஒத்துழைத்தல், பாதுகாப்பு உணர்வு போன்ற ஒவ்வொரு தலைப்புக்கும் மதிப்பெண் இட்டு, அந்த மதிப்பெண்ணை ஏன் கொடுத்தோம் என்று பக்கத்தில் ஒரு வரியும் எழுத வேண்டும். இந்த முறை காரணமில்லாமல் வந்ததல்ல. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் பேசி ஆளை எடைபோடுவதைக் காட்டிலும், எல்லோரிடமும் ஒரே ஒழுங்கில் கேட்டு மதிப்பெண் இடுவது வேலைத்திறனை நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஆகவே, வந்தவரை எங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், அந்த ஒரு வரியில் எழுத அவர் எதையும் தரவில்லை என்றால் எங்கள் பேனா ஓடாது. ‘உதவி செய்தார்’ என்று எழுதி ஐந்துக்கு நான்கு போட முடியாது.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே வளர்ப்பில் வந்தவள்தான். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசினால் ‘வாய் நீளம்’ என்பார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் வாசல்படியில் நின்று, “பணிவா இருந்துட்டு வா” என்றுதான் அம்மா சொல்லி அனுப்புவார். அந்தப் பணிவு நல்ல குணம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் ‘நான் கெட்டிக்காரன்’ என்று சொல்வது வேறு, ‘நான் இதைச் செய்தேன், இப்படி ஆயிற்று’ என்று சொல்வது வேறு. முன்னது தற்புகழ்ச்சி, பின்னது வெறும் விவரம். எங்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான். அந்த இளைஞர் மின்தூக்கி வாசலில் என்னிடம் சொன்னதை அப்படியே, எந்த இயந்திரம், என்ன கோளாறு, தான் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என்ற வரிசையில், எளிய ஆங்கிலத்தில் ஆறேழு வாக்கியங்களாக உள்ளே சொல்லியிருந்தால் போதும். அதில் தற்பெருமை என்று யாரும் குறை காண ஒரு சொல்கூட இல்லை.

ஆங்கிலம் வராதே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்களில் கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வரும், ஆனால் தொழிற்சாலைத் தளத்து வேலைகளுக்கு நாங்கள் இலக்கண சுத்தத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி சொல்லும்படி கேட்கலாம். சில இடங்களில் மலாயில் பதில் சொல்லலாமா என்றும் கேட்கலாம். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் உண்மையில் கெடுதல்.

தயாரிப்பு என்றவுடன் பலரும் இணையத்திலிருந்து கேள்வி பதில்களை எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள். ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற கேள்விக்கு ‘நான் வேலையில் அளவுக்கு மீறிக் கவனம் செலுத்துவேன்’ என்ற பதிலை ஒரே காலையில் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, நீங்கள் செய்த ஐந்து வேலைகளை எழுதுங்கள். சம்பளம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாமாவின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் செய்தது, கல்லூரித் திட்டப்பணி, பகுதிநேரக் கடை வேலை என எல்லாம் கணக்கில் சேரும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நன்கொடை வசூலித்துக் கணக்கு வைத்து, யார் எந்த நேரத்தில் நிற்பது என்று முறை பிரித்து, பொருள் தீர்வதற்குள் மறுபடி வாங்கி வந்து, கடைசியில் குப்பையையும் அகற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். ‘குழுவாக ஒரு வேலையை முடித்த அனுபவம் உண்டா’ என்று கேட்டால், அதே இளைஞர்கள் “இல்லை” என்கிறார்கள். கோயில் வேலையை வேலை என்று அவர்கள் நினைப்பதே இல்லை.

இதற்கு நேர்மாறாக, கிடங்கு எழுத்தர் பதவிக்கு வந்த ஒரு பெண் என் நினைவில் நிற்கிறார். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டுமே முடித்தவர், அலுவலக அனுபவம் கிடையாது. ஆனால் பட்டர்வொர்த்தில் அவருடைய அம்மா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று ஆண்டுகள் கணக்குப் பார்த்திருந்தார். எந்தச் சாமான் எத்தனை நாளைக்கு வரும், எதை எப்போது வாங்க வேண்டும் என்று கைப்பேசியில் அட்டவணை போட்டு வைத்ததையும், அதற்குப் பிறகு காய்கறி அழுகி வீணாவது குறைந்ததையும் நிதானமாகச் சொன்னார். கிடங்கு மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பி, இவருக்குக் கிடங்கு வேலையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றார்.

நோட்டில் எழுதிய ஐந்து வேலைகளையும் வேலை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவர்கள் கேட்கும் எந்தத் தேவைக்கு உங்கள் எந்த வேலை பதிலாகும் என்று பொருத்திப் பாருங்கள். பிறகு வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது, ஏனென்றால் தயக்கம் நாக்கில்தான் வந்து நிற்கும்.

தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் தெரியாதபோது மௌனமாகிவிடுவதும் இதே தயக்கத்தின் இன்னொரு முகம். 24 வோல்ட் சென்சார் ஒன்று சிக்னல் தரவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால், காரணத்தை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. முதலில் மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் அளப்பேன், பிறகு வயர் இணைப்பைப் பார்ப்பேன், சென்சாரின் விளக்கு எரிகிறதா என்று கவனிப்பேன் என்று யோசிப்பதையே வாய்விட்டுச் சொன்னால் போதும். அந்த யோசனைக்கும் மதிப்பெண் உண்டு.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சுத்தமாக இருந்தால் போதும். நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தீவுக்கு வெளியே, சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை நேரத்துப் பாலத்து நெரிசலைக் கணக்கில் வையுங்கள். 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளமானாலும் பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்தில் உள்ள பத்து மாவுங்கில் இறங்குவதால், இங்கே வருவோரில் சிலருக்கு அது வசதிப்படும். தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையான மைகார்டைக் கொடுத்து வருகையாளர் அட்டை வாங்கவும் நேரம் பிடிக்கும்.

சம்பளக் கேள்வி வரும்போதும் நம்மவர்கள் “கம்பெனி கொடுப்பது போதும்” என்றுதான் சொல்கிறார்கள். இங்கே அடக்கம் நேராகப் பணத்தில் கை வைக்கிறது. மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஓ.டி. பணம், அதாவது மிகைநேர வேலைக்கான ஊதியம், பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே அமைகிறது. மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை அன்றாட வேலை மணியால் வகுத்து வருவது ஒரு மணி நேர ஊதியம். சாதாரண நாளில் ஓ.டி. செய்தால் அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு. அடிப்படை 2,080 ரிங்கிட் என்றால், 8 மணி நேர நாளுக்கு மணிக்கு 10 ரிங்கிட், ஓ.டி.க்கு 15 ரிங்கிட். அடிப்படை 1,700 என்றால் ஓ.டி. 12 ரிங்கிட்டைச் சற்றே தாண்டும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் இந்த 1,700 ரிங்கிட்தான். ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 5,000 ரிங்கிட் வரை சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. ஆனால் ஓ.டி. பணத்துக்கும் போக்குவரத்துப் படிக்கும் சேமநிதி சேராது. ஆகவே ஓ.டி.யோடு சேர்த்து மாதம் இவ்வளவு வரும் என்று யாராவது பெரிய எண்ணைச் சொன்னால், அதில் அடிப்படை எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை. ஓ.டி. நீங்கலாக வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது என்ற வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. 12 மணி நேர ஷிப்ட் உள்ள இடங்களில் எந்த நேரத்திலிருந்து ஓ.டி. கணக்கு தொடங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாத் தோல்விக்கும் பிள்ளைகளின் தயக்கமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குச் சற்றும் தேவைப்படாத இடத்திலும் மெண்டரின் சீன மொழி கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கிறேன், பெயரைப் பார்த்த உடனே விண்ணப்பம் ஒதுக்கப்பட்டதையும் இந்தத் தொழிலில் கண்டிருக்கிறேன். அது அநியாயம், அதை எதிர்த்து என் இடத்திலிருந்து பேசியும் வருகிறேன். ஆனால் கதவு திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த பிறகும் நாம் பேசாமல் எழுந்து வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். “ஒன்றும் இல்லை” என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். வேலை கிடைக்கவில்லை என்று தகவல் வந்தாலும், எந்த இடத்தில் குறைந்தேன் என்று ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி எழுதுகிறவர்கள் மிகச் சிலரே. எழுதியவர் எவருக்கும் நான் பதில் அனுப்பாமல் இருந்ததில்லை.