ஒரு கிரவுண்டில் விழும் மழை

ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். அப்படியானால் 100 மில்லிமீட்டர் மழைக்கு அந்த மனையில் விழுவது 22,300 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 3 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அவ்வளவும் எங்கே போக வேண்டும் என்பதைத்தான் கட்டட விதிகள் பேசுகின்றன. வரைபட அனுமதிக்காக அலையும்போது தொல்லையாகத் தெரியும் செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), பெரிய மனைப்பிரிவில் விடச் சொல்லும் 10 சதவீதத் திறந்தவெளி எல்லாவற்றிலும் இந்தத் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது.

திருவான்மியூரிலிருந்து தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஒரு மணல் பட்டை நீண்டு கிடக்கிறது. மணலில் மழை விழுந்த மாத்திரத்தில் உள்ளே போய்விடும். போன நன்னீர், அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5 சதவீதம்தான் கனம். அந்தச் சின்ன வித்தியாசம் செய்யும் வேலை பெரியது: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அது அழுத்திப் பிடித்திருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். உடனே நடக்காது, மெல்ல நடக்கும். நடந்தபின் திருப்புவது மிகக் கடினம். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987இல் தனி நிலத்தடி நீர்ச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அதனால்தான் இந்தத் தெற்குக் கடலோரப் பட்டையைப் பெருநகரத் திட்டத்தில் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியாகக் குறித்து, கட்டட நெருக்கத்துக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். வீடுகள் நெருங்கினால் இறைப்பதும் கூடும், மழை இறங்கும் மண்ணும் மூடப்படும். மழையை வேகமாக விடும் அதே மணல் செப்டிக் டேங்க் கசிவையும் வேகமாக விடும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

சில கிலோமீட்டர் மேற்கே பள்ளிக்கரணையில் கதை வேறு. தாழ்வான களிமண் நிலம். தண்ணீர் எளிதில் இறங்காது, நிற்கும். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிவதைத் தாங்கி நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் இந்தச் சதுப்பு நிலத்தின் வேலை. 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கியதுபோக மிச்சம்தான் இப்போது இருப்பது.

இங்கே ஒரு கிரவுண்டை மூன்றடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால் என்ன ஆகும்? ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் காணாமல் போகும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 17 லோடு. மேடாக்கியவர் வீட்டில் நனையாது. அந்தப் பதினேழு லோடும் பக்கத்துத் தெருவில் பள்ளத்தில் இருப்பவரின் வாசல்படி ஏறும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரி, வரத்துக்கால்வாய்ப் புறம்போக்கில் கட்டக் கூடாது என்ற விதியை வெறும் பட்டாத் தகராறாகப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் மண்ணைப் பார்க்காமல் போட்ட மழைநீர்க் குழி பயன்படாது. மணலில் சில அடி ஆழமே போதும். களிமண்ணில் அந்த அடுக்கைத் தாண்டி கிணற்று உறை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் குழி நிரம்பித் தெருவுக்கே வழியும். செட்பேக் முழுக்க சிமெண்ட் கல் பதித்துவிட்டாலும் விதி வரைபடத்தோடு நின்றுவிடும்.

புரட்டாசியில் ஒரு நாள் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மேலே உள்ள ஜல்லியில் மாடித் தூசியும் இலையும் சேர்ந்து கறுப்பாகக் களி படிந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே மறைந்தால் குழி வேலை செய்கிறது. தேங்கி நின்றால் ஜல்லியை வெளியே எடுத்து அலசி, அடியில் உள்ள சேற்றை வாரிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை.